உவர் நிலமும் அதன் பூண்டுகளும்

வேதாரண்யம் கடலோரத்து உவர்த்தரையில் பூண்டுகள் உப்பின் அளவுக்கேற்ப வரிசையாய் நிற்கின்றன. உப்பு மிகுந்த பள்ளத்தில் சதைப்பற்றுள்ள உமரியே பிழைக்கும். மேட்டுப்புறம் செல்லச் செல்லப் புற்கள் தோன்றி, உப்புக் குறைந்தவிடத்தில் அறுகு படரும். திண்டுக்கல் சமவெளிக்குக் கடல் வெகுதூரம். ஆயினும் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பல்லாண்டுகளாக ஊறியதால், நகரைச் சூழ்ந்த கிணறுகள் பல உப்பேறின. அந்நீர் பாயுமிடத்தில் வெங்காயமே முதலில் நலியும். பருத்தி பெரிதும் தாங்கும். பயிர் பட்டு அறுகு மாத்திரம் செழித்திருப்பின், குடியானவர் உப்பைச் சந்தேகிப்பது நலம். உடனே ஜிப்சம் வாங்குதல் பெரும்பாலும் வீண் செலவாம். ஜிப்சம், பி.எச். அளவு 8.5க்கு மேற்பட்ட களர் நிலத்துக்கே உரியது. வெண்மையாய்ப் பூத்த உவர் நிலத்திலோ, வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, வடிகால் வழியே உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும். இரண்டில் எதுவென்பதை மண் பரிசோதனையால் அறிந்த பின்னரே பணம் செலவிடுக.