பத்திரிகை யாருடைய உடைமை?

பத்திரிகைத் தொழிலில் பெயரெடுத்தவர் பலர். அதைப் பிறருக்குக் கற்பித்தவர் சிலர். அத்தொழிலுக்குள்ளேயே வளரும் கேட்டை அஞ்சாது எடுத்துரைத்தவர் மிகச் சிலரே. இம்மூன்றையும் செய்தவர் அமெரிக்காவின் பென் பாக்டிகியன். 1920-ல் மராஷ் நகரில் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்து, கைக்குழந்தையாக அகதிகளுடன் அமெரிக்கா சேர்ந்தவர் அவர்.

வியத்நாம் யுத்தத்தைப் பற்றி அமெரிக்க சர்க்கார் ஜனங்களிடமிருந்து மறைத்து வைத்த தஸ்தாவேஜுகளை 1971 ஜூனில் 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிடத் தொடங்கியது. சர்க்கார் கோர்ட்டுக்குச் சென்று தடையுத்தரவு பெற்றது. அப்போது 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையில் இருந்த பாக்டிகியன், பாஸ்டனுக்கு விரைந்து, டேனியல் எல்ஸ்பர்க்கிடமிருந்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களைப் பெற்று வந்தார். வக்கீல்கள் பொறுத்திருக்கச் சொன்னார்கள். பிரசுரிக்கும் உரிமையை நிலைநாட்டப் பிரசுரிப்பதொன்றே வழி என்று அவர் வாதாடினார். ஜூன் 18-ல் விஷயம் அச்சேறியது. ஜூன் 30-ல் சுப்ரீம் கோர்ட், ஆறு நீதிபதிகளுக்கு மூவர் என்ற கணக்கில், பத்திரிகைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

சிறைக் கொடுமையை எழுதவும் அவர் பிறர் வாய்மொழியை நம்பவில்லை. கொலைக் கைதிபோல் பென்ஸில்வேனியாவின் ஹண்டிங்டன் சிறைக்குள் இருந்து பார்த்தே, 1972-ல் வெளியான கட்டுரைகளை எழுதினார்.

இத்தகைய அநுபவசாலியே 1976-ல் பெர்க்லி சர்வகலாசாலையில் ஆசிரியரானார்; 1985 முதல் 1988 வரை பத்திரிகைக் கல்விப் பகுதியின் தலைவராயும் விளங்கினார். 1983-ல் 'மீடியா மனோபலி' என்னும் நூலை வெளியிட்டார். அமெரிக்காவின் பத்திரிகை, ரேடியோ, டெலிவிஷன், புஸ்தகம், சினிமா ஆகியவற்றில் பெரும்பகுதி 50 கம்பெனிகளின் கைக்குள் இருப்பதை அதில் எடுத்துக் காட்டினார். வீண் பீதியைக் கிளப்புகிறார் என்று சிலர் பழித்தனர். பதிப்புக்குப் பதிப்பு அந்த எண் குறைந்து, 2004-ல் ஐந்தாயிற்று. காலமே அவர் கட்சிக்குச் சாட்சி கூறிற்று.

பத்திரிகைகள் பல இருக்கையில் முதலாளிகள் சிலராயிருந்தாலென்ன என்பாருண்டு. சர்க்கார் விதிக்கும் தடை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதை எதிர்த்து வழக்காடலாம். முதலாளியின் லாபத்துக்கு விரோதமென்று அச்சேறாமற்போன செய்தியோ யார் கண்ணுக்கும் படாது. அதற்காக எந்தக் கோர்ட்டில் முறையிடுவது? முதலாவது தடையை 1971-ல் எதிர்த்து வென்றவர், இரண்டாவதை ஜனங்களுக்கு உணர்த்தவே எஞ்சிய வாழ்நாளைச் செலவிட்டார். 2016-ல், தமது 96-வது வயதில் காலமானார்.

பத்திரிகை நடத்தும் நமக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். ஆகவே நேயர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே: பத்திரிகையில் அச்சானதைப் படியுங்கள், அச்சாகாதது என்னவென்றும், அது யாருக்கு நன்மை தருவதென்றும் கேளுங்கள். அக்கேள்வி நம் பத்திரிகையை நோக்கியே எழுந்தாலும் நாம் வரவேற்போம்.