நன்கொடைக்கு ஒரு வைர வாள்

ஹைதராபாத்தில் பிறந்து, பேகம்பேட்டை ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூலில் படித்த சத்யா நாதெல்லா 2014 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அடுத்த ஏழு மாதத்தில் அவர் அறிவித்த முதல் பெரிய கொள்முதல், ஸ்டாக்ஹோமில் இருந்த மோஜாங் என்ற சிறிய நிறுவனம். விலை 250 கோடி டாலர். அவ்வளவு பணமும் மைன்கிராஃப்ட் என்ற ஒரே விளையாட்டுக்காக. மோஜாங்கின் பெரும்பங்கு உரிமையாளர் மார்கஸ் பெர்சன் விற்கும் மனநிலைக்கு வந்ததற்கு ஒரு சண்டையும் காரணம். காசு கொடுத்தவருக்கு ஆட்டத்தில் தனிச் சலுகை தரலாமா என்பதுதான் அந்தச் சண்டை.

மைன்கிராஃப்டை யார் வேண்டுமானாலும் சொந்த சர்வரில் நடத்தலாம். நாலு நண்பர்கள் ஆட வீட்டுக் கணினி போதும். நூறு பேர் வந்தால் மாத வாடகைக்கு சர்வர் எடுக்க வேண்டும், லேக் (தாமதம்) இல்லாமல் ஓட நல்ல இணைப்பு வேண்டும். பொய்க் கோரிக்கைகளைக் குவித்து சர்வரை முடக்கும் டிடாஸ் தாக்குதலிலிருந்து காக்கத் தனிச் செலவு. இந்த ஆபத்து உண்மையானது. 2016-ல் பல பெரிய இணையதளங்களைத் திணறடித்த மிராய் என்ற மென்பொருளை எழுதிய இளைஞர்கள் குறிவைத்தவற்றில் மைன்கிராஃப்ட் சர்வர்களும் இருந்தன.

ஆகவே சர்வர் நடத்துபவர் நன்கொடை கேட்கிறார். அதில் தவறே இல்லை. கொடுத்தவருக்கு நன்றியாக ஒரு ரேங்க் தருகிறார்; பெயர் தங்க நிறத்தில் மின்னும். இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. அடுத்த படியில் ரேங்கோடு ஒரு கிட் வரும்: வைர வாள், வைரக் கவசம். அதற்கும் மேலே போனால் பறக்கலாம், செத்தாலும் கையில் இருந்த பொருள் போகாது. இந்த இடத்தில் நன்கொடை வியாபாரமாகிவிடுகிறது.

மைன்கிராஃப்டில் எல்லோரும் வெறுங்கையோடுதான் தொடங்குகிறார்கள். முதலில் மரத்தைக் கையால் அடித்து உடைக்க வேண்டும். பிறகு மரக் குந்தாலி, கல் குந்தாலி, இரும்புக் குந்தாலி. வைரமோ நிலத்தின் அடியாழத்தில், எரிமலைக் குழம்புக்குப் பக்கத்தில் கிடக்கும். மணிக்கணக்கில் தோண்டி, கால் தவறி எல்லாவற்றையும் இழந்து, மறுபடி தோண்டி எடுப்பதால்தான் அந்த வாளுக்கு மதிப்பு. சில நூறு ரூபாயை யுபிஐ-யில் அனுப்பியவருக்கு அதே வாள் அடுத்த நொடியே கிடைத்தால், தோண்டியவனின் மூன்று நாள் உழைப்பு பாழ். அவனைக் கொல்வதற்கும் அந்த வாளே பயன்படும்.

2014 ஜூனில் மோஜாங் இதற்கு ஒரு கோடு போட்டது. சர்வரில் நுழையக் கட்டணம் வாங்கலாம், ஆனால் எல்லோருக்கும் ஒரே கட்டணம். நன்கொடை பெறலாம், பெயர் சொல்லி நன்றி கூறலாம். அதற்காகத் தனிச் சலுகை கூடாது. தொப்பி, செல்லப்பிராணி போன்ற அலங்காரங்களை விற்கலாம். ஆட்டத்தின் போக்கை மாற்றும் எதையும் விற்கக் கூடாது. பிள்ளைகள் ஏதோ ஒரு சர்வரில் நூறு டாலர் செலவழித்துவிட்டதாகப் பெற்றோர் மோஜாங்கிடம் பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டிருந்ததை பெர்சனே வெளிப்படையாகச் சொன்னார். சர்வர்க்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். வசவு தாங்காமல், தன் பங்கை யாராவது வாங்கிக்கொள்கிறீர்களா என்று பெர்சன் ட்விட்டரில் கேட்டார். வாங்கியது நாதெல்லாவின் நிறுவனம். கோடு அழியவில்லை, விதியை மீறும் சர்வர்களை மோஜாங் 2016 முதல் தடுக்கத் தொடங்கியது.

இந்த விதி வந்தால் சர்வர்கள் செத்துவிடும் என்று அன்று சொன்னார்கள். 2013-ல் தொடங்கிய ஹைபிக்ஸெல் சர்வர் ரேங்க் விற்றுக்கொண்டே இந்த விதிக்குள் வளர்ந்தது. 2021-ல் ஒரே நேரத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் ஆடினார்கள். அங்கே ஒருவர் வாங்கும் பூஸ்டரின் (ஆட்ட நாணயத்தைப் பெருக்கும் சலுகை) பலன் அந்த ஆட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் போகும். நன்கொடையாளரை மற்றவர்கள் வாழ்த்தும்படி அமைந்த சலுகை இது.

இந்தியாவில் பரவலாக ஆடப்படும் ஜிடிஏ ரோல்பிளே சர்வர்களில் சிக்கல் வேறு வடிவில் வருகிறது. இடம் குறைவு, ஆள் அதிகம். பணம் கட்டியவருக்கு வரிசையில் முன்னுரிமை. கோயில் சிறப்பு தரிசனச் சீட்டு போலத்தானே என்று கேட்கலாம். ஆபத்து அந்த வரிசையை யார் நிர்வகிக்கிறார் என்பதில் இருக்கிறது. காத்திருப்பு நீளாவிட்டால் முன்னுரிமை விற்காது. ஆக, இலவசமாக ஆடுபவனை எரிச்சலூட்டுவதே சர்வர்க்காரருக்கு லாபமாகிவிடுகிறது. விதி மீறிய நன்கொடையாளரைத் தடை செய்யவும் கை வராது. 2022 நவம்பரில் ஜிடிஏவை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனம் இந்த சர்வர்களில் லூட் பாக்ஸ் (உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் வாங்கும் பெட்டி), மெய்நிகர் நாணய விற்பனை போன்றவற்றுக்குத் தடை சொன்னது.

பெரிய நிறுவனங்களும் இதில் சுத்தமானவை அல்ல. ஹைதராபாத்திலும் அலுவலகம் வைத்திருக்கும் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ், 2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2-ஐ வெளியிட்டபோது, டார்த் வேடர் போன்ற பாத்திரங்களைத் திறக்கப் பல மணி நேரம் உழைக்க வேண்டும் அல்லது லூட் பாக்ஸுக்குக் காசு கொடுத்து வேகமாக முன்னேறலாம் என்று வைத்திருந்தது. எதிர்ப்பு வெடித்தது. வெளியீட்டுக்கு முந்தைய இரவே காசு வாங்கும் வசதியை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு அது திரும்பியது, அலங்காரங்களுக்கு மட்டும்.

ஹைதராபாத் இதன் வலியையும் அறிந்த ஊர். 2022-ல் இங்கே ஒரு பள்ளி மாணவன் ஃப்ரீ ஃபயர் ஆட்டத்துக்காக வீட்டாரின் வங்கிக் கணக்கிலிருந்து பல தவணைகளாக 36 லட்சம் ரூபாய் செலவழித்தது, தாய் பணம் எடுக்க வங்கிக்குப் போனபோதுதான் தெரிந்தது. சூதாட்ட விஷயத்தில் தெலங்கானா முந்திக்கொண்ட மாநிலம்: 2017-லேயே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியைத் தடை செய்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்தாடும் ஆட்டங்களை நாடு முழுவதும் தடுத்தது. சர்வரில் வாள் வாங்கும் சிறுவன் பணம் ஜெயிக்க ஆடவில்லை. எனவே இந்தச் சட்டங்களின் முதன்மை இலக்கில் அவன் இல்லை. மிச்சம் இருப்பது 1872-ன் ஒப்பந்தச் சட்டம். 18 வயது நிறையாதவரோடு செய்யும் ஒப்பந்தம் அதன்படி செல்லாது. ஆனால் சில நூறு ரூபாய்க்காக எந்தத் தாய் வழக்குப் போடுவார்?

நன்கொடையாளர் இல்லாவிட்டால் சர்வரே இல்லை என்ற வாதம் உண்மைதான். வாடகையை யாராவது கட்டியாக வேண்டும். ஆனால் அந்த வாடகை எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு வந்தது என்று பெரும்பாலான சர்வர்க்காரர்கள் சொல்வதில்லை. சொன்னால் போதும், வாள் விற்காமலே பணம் தருபவர்கள் உண்டு. சர்வர் நடத்தும் இளைஞர்களே, கணக்கைத் திறந்து வையுங்கள். நிறத்தையும் தொப்பியையும் விற்றுக்கொள்ளுங்கள், வாளையும் வரிசையையும் விற்காதீர்கள். பணம் அனுப்புபவருக்கு 18 வயது ஆகிவிட்டதா என்று முதலில் கேளுங்கள்.