'பரவாயில்லை டாக்டர்' என்று சொல்லாதீர்கள், அக்கா

முதலில் டீயைக் குடியுங்கள் அக்கா, ஆறிவிடும். காலைத் தொங்கப் போடாதீர்கள், இந்த ஸ்டூலில் வையுங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை வேண்டாம், குதிகாலுக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை உங்களுக்கு முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகான ஆறாவது வாரச் செக்கப். போன தடவை தையல் பிரித்து, புண் ஆறியிருக்கிறதா என்று பார்த்து அனுப்பிவிட்டார்கள். இந்த முறை மூட்டு எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு நீள்கிறது என்று அளப்பார்கள். எக்ஸ்ரேயும் இருக்கும். நிற்க வைத்து எடுத்தால் பயப்படாதீர்கள். உடம்பின் பாரம் இறங்கும்போது கால் நேராக நிற்கிறதா என்று அதில்தான் தெரியும். முழங்காலுக்கு மேல் சுலபமாக ஏறுகிற தொளதொள உடையாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் அம்மாவை இதே மாதிரிச் செக்கப்புக்கு அழைத்துப் போன நாள் எனக்கு மறக்கவில்லை. வெளியே ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, உள்ளே ஐந்து நிமிடம். "எப்படி இருக்கீங்கம்மா?" "பரவாயில்லை டாக்டர்." ஆட்டோவில் ஏறிய பிறகுதான், "ராத்திரி தூக்கமே இல்லைன்னு சொல்லலையே" என்றாள். மறதி இல்லை அக்கா, பெரிய டாக்டரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்கிற மரியாதை. வலியில் தூக்கம் போயிற்று, தூக்கம் போனதில் பயிற்சி நின்றது, மூட்டு இறுகிவிட்டது. அடுத்த முறை போனபோது, மயக்க மருந்து கொடுத்து மூட்டை மடக்கிவிட வேண்டியிருக்குமோ என்ற பேச்சு வந்தது. முன்பே வாய் திறந்திருந்தால் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருப்பார்களே என்று இன்றைக்கும் என் மனம் அடித்துக்கொள்கிறது. நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

அதனால் இன்றே பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்குங்கள். ராத்திரி எத்தனை மணிக்கு வலி எழுப்புகிறது, எந்த மாத்திரைக்கு அடங்குகிறது, தெருவில் எதுவரை நடக்க முடிகிறது, படியில் எந்தக் காலை முதலில் வைக்கிறீர்கள். எக்ஸ்ரே இதையெல்லாம் காட்டாது.

எல்லாரும் "எவ்வளவு மடங்குது?" என்றுதான் கேட்பார்கள். நாற்காலியிலிருந்து எழவும் படி இறங்கவும் 90 டிகிரியாவது மடங்க வேண்டும், அது சரி. ஆனால் நீட்டலை நாம் கவனிப்பதே இல்லை. தலையணை வைத்து, சுகமாக மடங்கியபடியே மூட்டு இறுகிவிட்டால் அந்தக் கால் குட்டையானதுபோல் ஆகி நொண்டல் வந்துவிடும். அதனால்தான் தலையணையைக் குதிகாலுக்கு மாற்றச் சொன்னேன்.

தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்திருக்கிறது என்றீர்களே, அது பெரும்பாலும் எல்லாருக்கும் வருவது. தோலை வெட்டும்போது சின்ன நரம்புக் கிளைகள் அறுபடுகின்றன. 'டக்' என்கிற சத்தம், உலோகமும் நடுவிலிருக்கும் பிளாஸ்டிக்கும் தொடுவது. சாயங்கால வீக்கமும் லேசான சூடும் சில மாதம் இருக்கும். இருந்தாலும் கேட்டுவிடுங்கள்.

சிலவற்றுக்கு மட்டும் வியாழக்கிழமை வரை காத்திருக்கக் கூடாது. கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் வந்தாலோ, புண்ணில் கசிவோ குளிர்க்காய்ச்சலோ கண்டாலோ அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-க்கு அடியுங்கள்.

சர்க்கரை, பிரஷர் உட்பட எல்லா மாத்திரையையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று டாக்டரையே கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். பல் பிடுங்கும் யோசனை இருந்தால் அதையும் சொல்லுங்கள். வாயிலிருக்கும் கிருமி ரத்தத்தோடு மூட்டுக்குப் போய்விடக் கூடும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக் கிழித்துவிடாதீர்கள். எந்த மூட்டு, என்ன அளவு என்பது அதில்தான் இருக்கிறது, பல வருஷம் கழித்துக்கூடத் தேவைப்படும்.

பூஜை அறையில் தரையில் உட்காரலாமா என்று என்னிடம் கேட்டீர்களே, அதை அவரிடம் கேட்க ஏன் கூச்சம்? அதையும் எழுதுங்கள்.

இந்தாருங்கள் பேனா. நேற்று ராத்திரி எத்தனை மணிக்கு விழிப்பு வந்தது?