தொலைபேசியில் கேட்ட தட்டச்சுச் சத்தம்

அண்மையில் ஓர் ஊரில் மாதர்களுக்கான பயான் முடிந்து, கிதாபை மூடி வைத்துக்கொண்டிருந்த வேளை திரைக்கு அப்பாலிருந்து ஒரு தாய் கேட்டார்.

"மௌலவி, என்ட மகள் கொழும்புல கம்பியூட்டர் கம்பனி ஒன்டுல வேல செஞ்சவ. புள்ள கெடச்ச பொறகு விட்டுட்டா. இப்ப ஊட்டுல இருந்தே வேல செஞ்சி தரச் சொல்லிக் கேக்கிறாங்களாம். கந்தோருக்குப் போகத் தேவயில்ல. மார்க்கத்துல தட ஒன்டும் இல்லியே?"

ஹலாலான தொழில், கணவனின் சம்மதம், பேண வேண்டிய ஒழுக்கம் எல்லாம் இருந்தால் தடை இல்லை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் அப்போது என் நினைவில் ஒரு ஆங்கிலேயப் பெண்மணியின் வாழ்க்கை வந்து நின்றது. கணனித் துறையில் நீண்ட காலம் உழைத்து, 2025 ஆகஸ்டில் தமது 91ஆவது வயதில் காலமான ஸ்டெஃபனி ஷேர்லி அம்மையாரின் வாழ்க்கை அது. அந்தத் தாய்க்கு நான் சொன்னதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த அம்மையாரைப் பற்றி வாசக சகோதரிகள் அறிந்துகொள்ள வேண்டும்.

அவர் பிறப்பால் ஆங்கிலேயர் அல்லர். 1933இல் ஜேர்மனியின் டோட்மண்ட் நகரில் பிறந்தவர். தந்தை ஒரு யூதர், நீதிபதி. ஹிட்லரின் ஆட்சியில் பதவி பறிபோனது. யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன்னர் ஏறக்குறைய பத்தாயிரம் பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து பிரித்தானியாவுக்கு அனுப்பப்பட்டார்கள் அல்லவா? 1939இல் அப்படி ரயிலேற்றப்பட்ட பிள்ளைகளில் அவரும் ஒருவர். வயது ஐந்து. பக்கத்தில் ஒன்பது வயது மூத்த சகோதரி மட்டும். முன்பின் தெரியாத ஒரு குடும்பம் அவரை எடுத்து வளர்த்தது. பெற்றோர் உயிர் தப்பிப் பின்னர் வந்து சேர்ந்தார்கள். ஆனாலும் பழைய ஒட்டுதல் திரும்பவே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். காப்பாற்றப்பட்ட இந்த உயிர் காப்பாற்றியதற்குத் தகுதியானதாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவரை ஆயுள் முழுக்க விரட்டியது.

அவர் படித்த பெண்கள் பாடசாலையில் கணிதம் கற்பிக்க வசதி இல்லை. அனுமதி பெற்று, பக்கத்திலிருந்த ஆண்கள் பாடசாலைக்குப் போய்ப் படித்தார். பிறகு தபால் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் உத்தியோகம். பகலில் வேலை, இரவில் வகுப்பு என்று ஆறு வருடங்களில் பட்டம் பெற்றார். அந்தக் காலத்துக் கணனி நம் வீட்டு மேசையில் இருப்பது போன்றதல்ல. ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் இயந்திரம். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கட்டளை எழுதிக் கொடுக்கும் கலையில் அவர் கெட்டிக்காரியானார். ஆனால் பெண் என்பதால் ஓரளவுக்கு மேல் உயர விடவில்லை. திருமணத்தின் பின் பல பெண்கள் வேலையை விட்டார்கள்; எஞ்சியவர்கள் முதல் குழந்தையோடு விட்டார்கள். படித்த படிப்பு, பழகிய கைத்திறன் எல்லாம் அடுப்படியில் முடிந்தன.

1962இல் அவர் ஒரு காரியம் செய்தார். கையில் ஆறு பவுண் முதல். தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கம்பனியை ஆரம்பித்தார். திருமணத்தாலும் பிள்ளைப்பேற்றாலும் வேலையை விட்ட பெண்களைத் தேடிப் பிடித்து, வீட்டிலிருந்தே கணனிக் கட்டளைகளை எழுத வைப்பதுதான் திட்டம். மற்றவர்கள் சிரித்தார்கள். மென்பொருளை அப்போது இயந்திரத்தோடு இலவசமாகக் கொடுப்பார்கள். இலவசமாகக் கிடைப்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள், அதுவும் பெண்களிடமிருந்து?

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தப் பெண்களின் வீடுகளில் கணனி இருக்கவில்லை. இணையத்தை யாரும் கனவிலும் கண்டதில்லை. வேலைக்கு எடுக்கும்போது, தொலைபேசி வசதி உண்டா என்று கேட்க வேண்டியிருந்த காலம் அது. பென்சிலும் கடதாசியும் வைத்துப் படம் போட்டு, கணக்கை ஒழுங்குபடுத்திக் கட்டளைகளாக எழுதித் தபாலில் அனுப்புவார்கள். வேறோர் இடத்தில் அதை அட்டைகளில் துளையிட்டு, பிழை இருக்கிறதா என்று மறுபடி சரிபார்த்து, அதன் பிறகே இயந்திரத்துக்குக் கொடுப்பார்கள். வீட்டிலிருந்து வேலை செய்வதைச் சாத்தியமாக்கியது புதுக் கருவி என்று நாம் நினைக்கிறோம். அறுபது வருடங்களுக்கு முன்னர் அதைச் சாத்தியமாக்கியது ஒரு தபால்பெட்டியும், இந்தப் பெண்களை நம்பலாம் என்ற ஒரு மனுஷியின் துணிவும்தான். எத்தனை மணிக்கு உட்கார்ந்தாய், எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று அவர் கேட்கவில்லை. வேலை முடிந்ததா, சரியாக முடிந்ததா என்றுதான் பார்த்தார். ஒலியை விட வேகமாகப் பறந்த கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான கட்டளைகளையும் இப்படி வீட்டிலிருந்த பெண்களே எழுதினார்கள். முதல் முந்நூறு ஊழியர்களில் ஆண்கள் மூவர் மாத்திரமே. 1975இல் ஆண், பெண் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் பிரித்தானியாவில் வந்தபோது, பெண்களுக்கே முன்னுரிமை என்ற அவரது கொள்கை சட்டவிரோதமாகிப் போனது இன்னொரு வேடிக்கை.

ஆரம்பத்தில் அவர் நிறுவனங்களுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. கணவர் ஒரு யோசனை சொன்னார். "ஸ்டெஃபனி" என்பதற்குப் பதிலாக, வீட்டில் அழைக்கும் "ஸ்டீவ்" என்ற பெயரில் கையெழுத்திடச் சொன்னார். அது ஆண்பிள்ளைப் பெயர். பதில்கள் வரத் தொடங்கின. கதவைத் திறந்து உள்ளே வந்த பிறகுதான் "ஸ்டீவ்" ஒரு பெண் என்று அவர்களுக்குத் தெரிந்தது.

இது பொய்யாகாதா என்று நம் சகோதரிகள் கேட்கக்கூடும். உள்ள பெயரைத்தான் எழுதினார் என்பதால் அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. எனக்குத் தயக்கம் அடுத்த சம்பவத்தில்தான். வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைக்கும்போது வீட்டில் குழந்தையின் சத்தம் கேட்டால் மதிப்புப் போய்விடும். ஆகவே யாரோ விறுவிறுவென்று தட்டச்சு அடிக்கும் சத்தத்தை ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தார். தொலைபேசி மணி அடித்தால் அந்த நாடா ஓடும். மறுமுனையில் இருப்பவருக்கு அது சுறுசுறுப்பான கந்தோர். இந்த முனையில் குழந்தையும் கோப்பியும் கிடக்கும் வீடு.

ஏமாற்று என்று சொன்னால் ஏமாற்றுதான். நான் அதை நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் ஒரு தாய் தன் குழந்தையின் குரலை ஒளித்து வைக்கும்படி ஆக்கியது யார்? இதை வாசித்தபோது நாம் எல்லோரும் அறிந்த ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்டித் தொழ எண்ணி ஆரம்பிப்பார்கள். பின்னால் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டால் தொழுகையைச் சுருக்கிக் கொள்வார்கள். அந்தத் தாயின் மனம் என்ன பாடுபடும் என்பதை அறிந்திருந்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வருகின்ற செய்தி. மஸ்ஜிதுன் நபவியில், ஜமாஅத் தொழுகையில் குழந்தையின் அழுகைக்கு இடமிருந்தது. இமாமே அதற்குச் செவி கொடுத்தார்கள். லண்டன் கம்பனிகளின் தொலைபேசியில் அதற்கு இடமிருக்கவில்லை. நம் பள்ளிவாசல்களில் இன்று இருக்கிறதா என்று கேட்டால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

2017இல் ஒரு பேராசிரியர் தென்கொரியாவிலுள்ள தமது வீட்டிலிருந்து பிபிசி தொலைக்காட்சிக்கு நேரலையில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தபோது, அறைக்குள் இரண்டு பிள்ளைகள் புகுந்துவிட்டார்கள். மனைவி ஓடி வந்து இழுத்துப் போனார். உலகமே அதைப் பார்த்துச் சிரித்து ரசித்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்தக் கதிரையில் வாப்பாவுக்குப் பதிலாக உம்மா இருந்து, பிள்ளைகள் அப்படி உள்ளே வந்திருந்தால் இதே உலகம் என்ன சொல்லியிருக்கும்?

ஷேர்லி அம்மையாருக்கு இன்னொரு தடையும் இருந்தது. கம்பனிக்கு வங்கிக் கணக்கு திறக்கக் கணவரின் அனுமதி வேண்டியிருந்தது. திருமணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரில் வைத்திருக்க இங்கிலாந்துச் சட்டம் முழுமையாக வழிவிட்டதே 1882இல்தான். வங்கிகளின் வழக்கம் மாற மேலும் பல காலம் பிடித்தது. பெண்கள் சம்பாதித்ததில் பெண்களுக்கே உரிய பங்கு உண்டென்று சூறா அந்நிஸாவின் 32ஆவது வசனம் ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முன்னரே அறிவித்துவிட்டது. அன்னை கதீஜா (ரழி) அவர்கள் சொந்த முதலில் வியாபாரம் செய்தவர்கள். இதை மேடைகளில் நாம் பெருமையாகச் சொல்கிறோம். அதே மேடையிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போய், மனைவியின் வங்கி அட்டையைத் தம் பொக்கற்றில் வைத்துக்கொள்ளும் கணவர்களையும் நான் அறிவேன்.

இனி இந்த வாழ்க்கையின் கனமான பக்கம். 1963இல் அவருக்கு ஒரே மகன் பிறந்தான். பெயர் ஜைல்ஸ். இரண்டரை வயதுவரை சந்தோஷமாக இருந்த பிள்ளை, கற்றிருந்த கொஞ்சப் பேச்சையும் இழந்தான். கடுமையான ஓட்டிசம். அதன் பிறகு அவன் பேசவே இல்லை. கம்பனி வளர்ந்துகொண்டிருந்த அதே வருடங்களில், அடக்க முடியாத பிள்ளையோடு அந்தத் தாயும் தந்தையும் இரவுபகல் போராடினார்கள். ஒரு கட்டத்தில் அவரது உடலும் மனமும் தளர்ந்து வைத்தியசாலைக்கே போக நேர்ந்தது. வீட்டிலிருந்து வேலை செய்தால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சமாளிக்கலாம் என்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு இருந்தது. கம்பனியே அவருடையது. பிள்ளையோடு பாரம் சுமந்த கணவரும் இருந்தார். அவ்வளவும் இருந்தும் முறிந்து போனார்.

அவர் மீண்டு எழுந்தார். மகனுக்காக ஒரு தர்ம ஸ்தாபனத்தை ஆரம்பித்து, அதன் முதல் வீட்டில் முதல் ஆளாக ஜைல்ஸைக் குடியமர்த்தினார். பின்னர் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக ஒரு பாடசாலையும், ஆராய்ச்சிக்கென்று தனி அமைப்பும் உருவாயின. 1998இல், 35 வயதில், வலிப்பு வந்து ஜைல்ஸ் இறந்துபோனான். அவனில்லாமல் வாழக் கற்றுக்கொண்டது மட்டுமல்ல, அவனுக்குத் தான் தேவைப்படாத ஒரு வாழ்வையும் கற்க வேண்டியிருந்தது என்ற கருத்தில் அவர் பேசியிருக்கிறார். இத்தகைய பிள்ளையை வளர்க்கும் எந்த உம்மாவுக்கும் அதற்கு விளக்கம் தேவையில்லை.

கம்பனியின் பங்குகளில் கணிசமானவற்றை அவர் ஊழியர்களுக்கே உரிமையாக்கினார். அதனால் எழுபது பேர் கோடீஸ்வரர்களானார்கள். தமக்குக் கிடைத்ததில் ஆறரைக் கோடி பவுணுக்கு மேல் தர்மமாகக் கொடுத்துவிட்டார். அதில் ஒரு பகுதி 2001இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் இணையத்தைப் பற்றிய ஆய்வு நிலையமாக மாறியது. இன்னும் வேகமான கணனி செய்வதற்கான இடமல்ல அது. இந்தக் கருவிகள் மனிதரையும் குடும்பத்தையும் சமூகத்தையும் என்ன செய்கின்றன என்று ஆராயும் இடம். ஆயுள் முழுதும் இயந்திரத்தோடு வாழ்ந்த ஒருவர், கடைசியில் காசு கொடுத்துக் கேட்க விரும்பியது இந்தக் கேள்வியைத்தான்.

சரி, திரைக்கு அப்பாலிருந்த தாய்க்கு வருவோம். மார்க்கத்தில் தடை இல்லை என்று சொல்லிவிட்டு நான் கேட்டேன்:

"ராத்தா, மகள் எந்த நேரத்தில் வேலை செய்வாவாம்?"

"பகல்ல எங்க மௌலவி? சமையல், உடுப்பு, புள்ள. புள்ள தூங்கின பொறகு, ராவைக்குத்தான்."

"மருமகன் அந்த நேரம் என்ன செய்வார்?"

"அவர் கந்தோருக்குப் போய்க் களச்சி வாறவர்தானே. தூங்கிருவார்."

"அப்போ மகள் எப்ப தூங்குறது?"

திரைக்கு அப்பால் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு ஒரு சகோதரி மெல்லச் சிரித்தது கேட்டது. அந்தத் தாய் சிரிக்கவில்லை. "நான் மருமகனோட கொஞ்சம் பேசிப் பாக்கிறன் மௌலவி" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை மருமகனையும் என்னைச் சந்திக்கச் சொல்லியிருக்கிறேன். நபி (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது குடும்பத்தின் வேலைகளைச் செய்துகொண்டிருப்பார்கள், தொழுகைக்கு நேரம் வந்தால் எழுந்து செல்வார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்த ஹதீஸைத்தான் அவரிடம் முதலில் எடுத்து வைக்க எண்ணியிருக்கிறேன்.