பெயருக்கு முன் தூரம்

கோடை மழை இறங்கிவிட்டால் பெங்களூருவின் வீட்டுத் தோட்டங்களில் பாம்பு தென்படுவது சாதாரணம். ஏரிகளும் அவற்றை இணைத்த ராஜகாலுவே என்னும் கால்வாய்களும் வயல்களும் கிடந்த நிலத்தில்தான் எலஹங்கா, ஜக்கூர், கனகபுரா சாலைப் பக்கத்துக் குடியிருப்புகள் எழுந்திருக்கின்றன. மனிதர் கொட்டும் குப்பைக்கு எலி வருகிறது, எலிக்குப் பாம்பு வருகிறது. பூந்தொட்டிக்குப் பின்னால் ஒன்று நெளிந்தால் எவர் வாயிலும் வரும் முதல் கேள்வி, "விஷப் பாம்பா?" என்பதே. கேள்வி நியாயமானது. அதற்கு விடை காணும் பொறுப்பைப் பாம்பின் பக்கத்தில் நிற்பவர் தலையில் கட்டுவதுதான் தவறு என்பது என் கட்சி.

விஷப் பாம்பைப் பார்த்தவுடனே சொல்லிவிட ஓர் அடையாளம் வேண்டும் என்ற ஆசை பழையது. கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய பேட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவர், சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796இல் வெளியிட்ட நூலுக்கு அந்த ஆசைதான் தூண்டுதல். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் இன்றும் அவர் இருக்கிறார். அவர் தேடிய ஒற்றை அடையாளம்தான் கிடைக்கவில்லை. முக்கோணத் தலை என்றால் விஷம் என்பார்கள். நல்ல பாம்புக்கும் கட்டுவிரியனுக்கும் தலை முக்கோணம் இல்லை. மனிதருக்குத் தீங்கு செய்யாத பூனைப் பாம்புக்கு இருக்கிறது. கண்ணின் பாவை செங்குத்துக் கீறலாக இருந்தால் விஷம் என்பது வெளிநாட்டுக் கையேடுகளிலிருந்து வந்த விதி. இங்கே அதே நல்ல பாம்புக்குப் பாவை வட்டம், பூனைப் பாம்புக்குக் கீறல். உள்ளூர் நம்பிக்கைகளும் இதற்குக் குறைந்தவை அல்ல. கடித்துவிட்டு மரமேறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்று நம் கிராமங்கள் அஞ்சிய கொம்பேறி மூக்கன், விஷமே இல்லாத பாம்பு.

ஒற்றை விதி இல்லையென்றாலும் ஒவ்வொரு பாம்புக்கும் தனித்தனி அடையாளங்கள் உண்டே என்று கேட்கலாம். உண்டு, நிபுணர்கள் அவற்றைக் கொண்டுதான் இனம் பிரிக்கிறார்கள். கட்டுவிரியனையும் ஓநாய்ப் பாம்பையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் இரவில் நடமாடுபவை, இரண்டுக்கும் கருமையான உடலில் வெளிறிய பட்டைகள். கட்டுவிரியனின் பட்டைகள் பெரும்பாலும் இரட்டைக் கோடுகளாக, கழுத்தைத் தாண்டிச் சற்றுத் தள்ளித் தொடங்கி வால் பக்கம் தெளிவாகும். ஓநாய்ப் பாம்புக்கு முன்பகுதியில் பளிச்சென்று தொடங்கி வால் நோக்கி மங்கும். உறுதியான சான்று, கட்டுவிரியனின் முதுகு நடுவில் ஓடும் பெரிய அறுகோணச் செதில் வரிசை. அந்தச் செதிலை வெறுங்கண்ணால் பார்க்க எவ்வளவு நெருங்க வேண்டும்? அதுவும் இருட்டில்? கண்ணாடி விரியனையும் திட்டுகள் கொண்ட மண்ணுளிப் பாம்பையும் பிரிப்பது இன்னும் வம்பு. விரியனின் முதுகில் சங்கிலிபோல் மூன்று வரிசை நீள்வட்டங்கள் ஒழுங்காக ஓடும். மண்ணுளியின் திட்டுகள் கோணல்மாணலாக இருக்கும், வால் குட்டையானது. சருகுக்குள் பாதி புதைந்து சுருண்டு கிடக்கும்போது இந்த ஒழுங்கெல்லாம் தெரியாது. தோட்டங்களில் அதிகம் காணப்படும் சாரையைக்கூட, படம் எடுக்காத நல்ல பாம்பென்று நினைப்பவர்கள் ஏராளம். தலைகீழாகத் தவறினால் நிலைமை மோசம்.

இதற்கு எதிரான வலுவான வாதம் மருத்துவத்தின் பெயரால் வருகிறது: கடித்தது எதுவென்று தெரியாமல் மருத்துவர் எப்படிச் சிகிச்சை செய்வார்? இந்த எண்ணத்தால்தான் பாம்பை அடித்துப் பையில் போட்டு மருத்துவமனைக்குத் தூக்கிப் போகிறார்கள். அந்த முயற்சியில் இரண்டாம் கடி வாங்குபவர்கள் உண்டு. வெட்டுண்ட தலையும் சிறிது நேரம் கடிக்கும். இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. அதற்கான விஷத்தில் பெரும்பங்கைத் தருவது சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இயங்கும், 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம். மருத்துவர் பார்ப்பது பாம்பை அல்ல, உடலை: இமை தொங்குகிறதா, வீக்கம் ஏறுகிறதா, கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்த இரத்தம் உறைகிறதா. பெயர் தெரிவதாலேயே எல்லாம் தீர்வதும் இல்லை. ஒரே இனத்தின் விஷம் ஊருக்கு ஊர் மாறுவதால் மருந்தின் பலனும் மாறுகிறது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020இல் வெளியான கணக்கீடு சொல்கிறது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்தவர். அவர்கள் உயிரைக் காப்பாற்றியிருக்கக்கூடியது பாம்பின் பெயரை அறிந்திருப்பதைவிட, நேரத்தோடு மருத்துவமனை சேர்வது.

அப்படியானால் அடையாளம் காண்பதே வீண் வேலையா? இல்லை. பாம்பை விட்டுவிடலாமா, மீட்பாளரை அழைக்க வேண்டுமா என்று முடிவு செய்ய அது உதவும். அதற்குக் கைப்பேசியின் ஜூம் போதும். பத்தடிக்கு அப்பால் நின்று எடுத்த படத்தில் நிபுணர் முதுகுக் கோலத்தையும் உடல்வாகையும் பார்த்துக்கொள்வார். எந்தப் பாம்பானாலும் பிடித்துத் தொலைவில் விட்டுவிட்டால் என்ன என்பாரும் உண்டு. கர்நாடகத்தின் ஆகும்பே காடுகளில் ராஜநாகங்களுக்கு ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, வேறிடத்தில் விடப்பட்டது நிலைகொள்ளாமல் நெடுந்தூரம் அலைந்தது தெரியவந்தது. காலியான இடத்துக்கு, எலி இருக்கும்வரை, இன்னொன்று வரும். வேலியோரம் ஊர்ந்து போகும் பாம்பை, குழந்தையையும் நாயையும் உள்ளே அழைத்துக்கொண்டு, போக விடலாம். செருப்பு அடுக்கிலோ படிக்கட்டின் அடியிலோ சுருண்டு கிடந்தால் மீட்பாளரை அழைத்தே ஆக வேண்டும். கேரெ ஹாவா, நாகரஹாவா, கொளகுமண்டலமா என்று அவர் கன்னடத்தில் கேட்பார். சாரையா, நல்ல பாம்பா, கண்ணாடி விரியனா என்றுதான் பொருள். தெரியாது என்று பதில் சொல்வதில் வெட்கமில்லை. படத்தை அனுப்பிவிட்டு, அவர் வரும்வரை எட்ட நின்று, பாம்பு எங்கே நகர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.