வண்டி எந்த ஊருக்குப் போகும்?

பெங்களூரில் கலாசிப்பாளையம் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே வரிசையாக டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்கள் இருக்கின்றன. விடிவதற்கு முன்பே லாரிகள் வந்து நிற்கும். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று பல ஊர் டிரைவர்கள் அங்கே வருவார்கள். டீக்கடையில் கன்னடமும் தமிழும் கலந்து கேட்கும்.

அப்படி ஒரு டீக்கடையில் நடக்கும் பேச்சைக் கொஞ்சம் கேட்போம்.

"அண்ணே, எத்தனை வருஷமா லாரி ஓட்டுறீங்க?"

"பதினெட்டு வருஷம் ஆச்சு தம்பி. கிளீனரா ஏறினவன்தான்."

"இன்னும் இப்படியே இருந்தா எப்படிண்ணே? குவைத்துல டிரைவர் வேலை இருக்கு. இங்க மூணு மாசத்துல வாங்குறத அங்க ஒரே மாசத்துல வாங்கலாம். ரூம், சாப்பாடு எல்லாம் கம்பெனி பொறுப்பு. பாஸ்போர்ட்டையும் பணத்தையும் கொடுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

டிரைவர் அண்ணன் யோசிக்கிறார். வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். வட்டிக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரிக்கிறது. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார்.

"சம்பளம் எவ்வளவு தம்பி?"

இது நாமாகச் சொன்ன பேச்சுதான். ஆனால் அந்த அண்ணனைப் பற்றி ஒன்று யோசித்துப் பாருங்கள். கலாசிப்பாளையத்தில் ஒருவர் அவரிடம் லோடு கொடுத்தால் முதலில் என்ன கேட்பார்? "எந்த ஊருக்கு லோடு? என்ன சரக்கு? எந்த ரோட்டில் போகணும்?" என்று கேட்பார். அது தெரியாமல் சாவியைக் கூடத் தொடமாட்டார். இருநூறு கிலோமீட்டர் போவதற்கே இத்தனை கேள்வி. கடல் தாண்டிப் போகும்போது மட்டும் அந்தக் கேள்வியை ஏன் மறந்துவிடுகிறார்?

அந்த ஒரு கேள்வி உயிரைக் காக்கும். எப்படி என்று பார்ப்போம். இனி வருவதெல்லாம் உண்மையில் நடந்தவை.

குவைத்தில் வேலை, ஈராக்கில் ரோடு

2003 மார்ச் மாதம் அமெரிக்கப் படை ஈராக் நாட்டுக்குள் நுழைந்தது. போர் நடந்தது. அதன் பிறகும் பல ஆண்டுகள் அங்கே சண்டை ஓயவில்லை.

படை இருக்கும் இடத்துக்குத் தினமும் சாமான் போக வேண்டும். அரிசி, தண்ணீர், டீசல், கூடாரம் எல்லாம் போக வேண்டும். இவை கப்பலில் குவைத் துறைமுகத்துக்கு வந்தன. குவைத் ஈராக்கின் பக்கத்து நாடு. அங்கிருந்து லாரிகளில் ஏற்றி, எல்லையைத் தாண்டி, ஈராக்கின் தலைநகரமான பாக்தாத் வரை கொண்டு போனார்கள். பெங்களூரிலிருந்து ஹைதராபாத் போகிற தூரத்துக்குக் குறையாது.

லாரியை ஓட்டுவதற்கு ஆள் வேண்டுமே? இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், பிலிப்பைன்ஸ், கென்யா போன்ற நாடுகளிலிருந்து ஏழைத் தொழிலாளிகள் வந்தார்கள். பலருடைய காகிதத்தில் குவைத் என்றுதான் எழுதியிருந்தது. வண்டியோ ஈராக்குக்குப் போனது.

போர் நடக்கிற இடத்தில் லாரி டிரைவருக்கு ஏன் இத்தனை ஆபத்து? லாரி மெதுவாகப் போகும். வரிசையாகப் போகும். போகிற ரோடு எல்லோருக்கும் தெரியும். டிரைவர் கையில் ஆயுதம் கிடையாது. அவர் ஏற்றிப் போவது படைக்கான சாமான். அதனால் படையை எதிர்ப்பவர்கள் டிரைவரையும் எதிரியாக நினைக்கிறார்கள். "நான் பிழைக்க வந்தவன்" என்று சொல்வதற்குக் கூட டிரைவருக்கு அந்த ஊர் மொழி தெரியாது.

ஆறு வாரம்

2004 ஜூலை மாதம் ஈராக்கில் ஏழு லாரி டிரைவர்களை ஆயுதம் தாங்கிய கும்பல் கடத்தியது. மூன்று பேர் இந்தியர்கள். மூன்று பேர் கென்யா நாட்டுக்காரர்கள். ஒருவர் எகிப்து நாட்டுக்காரர். எல்லோரும் குவைத்தில் உள்ள ஒரு போக்குவரத்துக் கம்பெனியின் ஆட்கள்.

இந்தியர்களில் இருவர் இமாச்சலப் பிரதேசத்துக்காரர்கள். ஒருவர் பஞ்சாப்காரர். மூவரும் சாதாரணக் கிராமத்துப் பிள்ளைகள். "கம்பெனி ஈராக்கை விட்டுப் போகாவிட்டால் இவர்களைக் கொன்றுவிடுவோம்" என்று கும்பல் மிரட்டியது. துப்பாக்கிக்கு முன்னால் அவர்கள் இருக்கும் படத்தை டி.வி.யில் காட்டினார்கள். பெற்ற தாய் அதைப் பார்த்தால் எப்படி இருக்கும்?

ஆறு வாரம் இப்படிக் கழிந்தது. இந்திய அரசு பல வழியிலும் முயற்சி செய்தது. 2004 செப்டம்பர் 1-ஆம் தேதி ஏழு பேரும் உயிரோடு விடுதலை ஆனார்கள்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதற்கு முந்தைய நாள்தான் நேபாளத் தொழிலாளிகள் 12 பேர் ஈராக்கில் கொல்லப்பட்ட செய்தி வந்தது. அவர்களும் கடத்தப்பட்டவர்கள். ஜோர்டான் நாட்டில் வேலை என்று சொல்லித்தான் அவர்களை ஊரிலிருந்து அழைத்துப் போயிருந்தார்கள்.

அந்த ஆண்டே இந்திய அரசு ஈராக்குக்கு வேலைக்குப் போவதைத் தடை செய்தது. ஆனாலும் சிலர் பக்கத்து நாடுகள் வழியாகப் போனார்கள். கடன் அவர்களை அப்படித் தள்ளியது.

பத்து ஆண்டுகள் கழித்து, 2014 ஜூன் மாதம், ஈராக்கின் மோசுல் நகரில் கட்டட வேலை செய்த 40 இந்தியத் தொழிலாளிகள் கடத்தப்பட்டார்கள். ஒருவர் மட்டும் தப்பினார். மற்ற 39 பேர் இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் குடும்பங்கள் கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள் காத்திருந்தன. 39 பேரும் கொல்லப்பட்டுவிட்டார்கள் என்று 2018 மார்ச் மாதம் அரசு அறிவித்தது.

அரசு வேலையாகப் போனவருக்கும் இந்த ஆபத்து வந்தது. ஆப்கானிஸ்தானில் இந்திய அரசு ஒரு ரோடு போட்டுக் கொடுத்தது. அந்த வேலையில் இருந்த டிரைவர் ஒருவர் கேரளத்துக்காரர். 2005 நவம்பரில் அவரைக் கடத்திக் கொன்றுவிட்டார்கள். அரசு அனுப்பிய ஆளுக்கே இந்தக் கதி. ஏஜென்ட் அனுப்பும் ஆளுக்குப் பின்னால் யார் நிற்பார்?

படிக்க முடியாத காகிதம்

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியது. அதன் பிறகு நம் நாட்டு இளைஞர்கள் பலரை ஏஜென்ட்கள் ரஷ்யாவுக்கு அழைத்துப் போனார்கள். "உதவியாளர் வேலை, காவல் வேலை" என்று சொன்னார்கள். அவர்களில் கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்து இளைஞர்களும் இருந்தார்கள்.

அங்கே போனதும் ரஷ்ய மொழியில் எழுதிய காகிதத்தை நீட்டினார்கள். இவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அது ராணுவத்தில் சேரும் காகிதம். பிறகு பயிற்சி கொடுத்துப் போர் முனைக்கு அனுப்பினார்கள். 2024 மார்ச் மாதம் சி.பி.ஐ. இந்த ஏஜென்ட்களைத் தேடிச் சோதனை நடத்தியது. சென்னையிலும் மதுரையிலும் கூட அந்தச் சோதனை நடந்தது. கலபுரகி இளைஞர்கள் 2024-ல் ஊர் திரும்பினார்கள். ஆனால் ரஷ்யப் படையில் இருந்த இந்தியர்களில் 12 பேர் இறந்துவிட்டதாக 2025 ஜனவரியில் அரசு சொன்னது.

அந்த இளைஞர்கள் பள்ளிக்கூடம் போனவர்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். ஆனால் தெரியாத மொழியில் இருக்கும் காகிதத்துக்கு முன்னால் படித்தவரும் கைநாட்டுக்காரர்தான். அதனால் ஒன்றை மனதில் வையுங்கள். நமக்குப் புரியாத காகிதத்தில் நம் கையெழுத்து விழக்கூடாது.

ஐந்து கேள்விகள்

வெளிநாட்டுக்கு வேலைக்குப் போவது தப்பில்லை. லட்சக்கணக்கானவர்கள் போய் நேர்மையாகச் சம்பாதிக்கிறார்கள். வீடு கட்டுகிறார்கள். பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள். ஆனால் புறப்படுவதற்கு முன்பே கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். இதோ ஐந்து கேள்விகள்.

1. கம்பெனியின் பெயர் என்ன? எந்த நாடு? எந்த ஊர்? இவை ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா?

2. வண்டி எந்த எல்லையைத் தாண்டும்? "கம்பெனி சொல்கிற எந்த இடத்திலும் வேலை செய்வேன்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அந்த ஒரு வரி உங்களை எங்கே வேண்டுமானாலும் கொண்டு போகும்.

3. யாருடைய சரக்கு? கடைக்குப் போகிற சரக்கா, ராணுவத்துக்குப் போகிற சரக்கா?

4. இன்ஷூரன்ஸ் உண்டா? போரில் அடிபட்டாலும் பணம் வருமா? பல பாலிசிகளில் போரினால் வரும் சாவுக்குப் பணம் கிடையாது.

5. "இந்த ரோட்டில் நான் போகமாட்டேன்" என்று சொன்னால் என்ன ஆகும்? ஊர் திரும்ப டிக்கெட் யார் எடுப்பார்கள்? பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்?

இங்கே உள்ள ஏஜென்ட் "எனக்குத் தெரியாது, அங்கே போனால் சொல்வார்கள்" என்பார். அவர் சொல்வது பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். அவருக்கு மேலே பெரிய ஏஜென்ட். அவருக்கு மேலே அங்கே உள்ள கம்பெனி. அந்தக் கம்பெனிக்கு வேலை கொடுத்தது இன்னொரு கம்பெனி. இப்படிச் சங்கிலி நீளும். எல்லோரும் கமிஷன் எடுப்பார்கள். ஸ்டியரிங்கைப் பிடிக்கப் போவது நாம் மட்டும்தான். அதனால் தெரிந்துகொள்ள வேண்டியதும் நாம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, ஆட்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவருக்குப் பதிவு எண் இருக்கும். அந்த எண்ணைக் கேளுங்கள். மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் அது உண்மையா என்று பார்க்கலாம். உங்கள் பிள்ளைகளிடம் சொன்னால் செல்போனிலேயே பார்த்துச் சொல்வார்கள்.

ஏஜென்ட் தன் கூலியாக 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான் வாங்கலாம். அதற்கு மேல் கேட்பது தப்பு. கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் குவைத், சவுதி அரேபியா, ஈராக், லிபியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். இது நம்மைத் தடுக்க வந்த வேலி அல்ல. நம் ஒப்பந்தத்தை அரசு ஒருமுறை பார்க்கட்டும் என்பதற்கான ஏற்பாடு. சுற்றுலா விசாவில் வேலைக்குப் போனால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் பெங்களூரிலும் இருக்கிறது, சென்னையிலும் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் 1800 11 3090 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

போகும் முன்பு பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. அப்போது அங்கிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை அரசு விமானத்தில் ஊருக்குக் கொண்டு வந்தது. அரசால் அவ்வளவு செய்ய முடியும். ஆனால் நாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். குவைத்தில் பெயர் இருந்து, ஆள் ஈராக்கில் இருந்தால் யார் எங்கே தேடுவார்கள்?

மறுபடியும் டீக்கடை

டிரைவர் அண்ணன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். அவர் மனைவி கேட்டார்: "ஏங்க, இங்க ராத்திரி லோடுக்குப் போனாலே எந்த ஊருன்னு சொல்லிட்டுப் போவீங்க. இப்ப எந்த ஊருன்னு எங்ககிட்ட சொல்லிட்டுப் போவீங்க?"

அண்ணனிடம் பதில் இல்லை. மறுநாள் டீக்கடையில் அந்தத் தம்பியைப் பார்த்தார்.

"தம்பி, வண்டி எந்த ஊருக்குப் போகும்?"

"அதெல்லாம் அங்க போனா தெரியும்ணே."

"அங்க போய்த் தெரிஞ்சு என்ன பண்றது? ஒப்பந்தக் காகிதத்தைத் தமிழ்ல எழுதி வாங்கிட்டு வா. நானும் என் பொண்ணும் உட்கார்ந்து படிக்கிறோம். படிச்ச பிறகு பாஸ்போர்ட்டைப் பத்திப் பேசலாம்."

கலந்து பேசுவோம்

1. உங்கள் தெருவிலிருந்து யாராவது வெளிநாட்டு வேலைக்குப் போயிருக்கிறார்களா? சொன்ன வேலையும் கிடைத்த வேலையும் ஒன்றுதானா?

2. கடன் தொல்லையில் இருப்பவர் ஆபத்து தெரிந்தும் போகிறார். அவர் வேறு என்ன செய்திருக்கலாம்? நாம் அவருக்கு என்ன உதவி செய்யலாம்?

3. மேலே சொன்ன ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். டிரைவர் வேலை பார்க்கும் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள்.