மந்திர உறுப்புகளும் விதிநூல் வழக்கும்

கற்பனை மாந்தராகத் தம்மை வைத்து மேசையைச் சூழ அமர்ந்து ஆடும் ஆட்டங்களுள் முதற்கண் அச்சேறியது ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்பதாகும். அமெரிக்கராகிய கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் படைத்த இவ்வாட்டம் 1974ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆடுவோர் வீரராகவும் மந்திரவாதியராகவும் நின்று பேச, நடுவர் ஒருவர் கதையை நடத்துவார். ஐயம் நேருமிடத்துப் பகடை முடிவு சொல்லும். இதன் விதிநூல்களை இலக்கிய மாணாக்கர் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், அவற்றுள் மந்திரத்தின் உறுப்புகளைக் கூறும் பகுதி, சொல்லும் பொருளும் இயையும் முறையை ஆராய்வார்க்குப் பெரிதும் பயன்படும் என்பது நம் கருத்து.

1978ஆம் ஆண்டின் ஆடுவோர் கையேடு, மொழி, செய்கை, பொருள் என்னும் மூன்றனுள் எவை எம்மந்திரத்திற்கு வேண்டும் என வரையறுத்தது. மொழியாவது வாய்விட்டு ஓதுதல். செய்கையாவது கையாற் காட்டும் குறி. பொருளாவது உடன்கொள்ளும் பண்டம். தொல்காப்பியர் செய்யுளியலில் மந்திரத்திற்கு மொழியளவில் வைத்தே இலக்கணம் கூறினார். இந்நூலோ கையையும் பண்டத்தையும் உடன்வைத்தது. இங்கு உறுப்பென்பது ஆற்றலுக்கு வாயில் மட்டுமன்று. அதனைத் தடுத்தற்கும் வாயிலாம். வாயைக் கட்டின் மொழி இல்லை. கையைப் பிணிப்பின் செய்கை இல்லை. பையைப் பறிப்பின் பொருள் இல்லை. மந்திரவாதியையும் சிறைவைக்கலாம் என்பது இதனாற் பெறப்படும்.

2014ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பு, செய்கைக்கு ஒரு கை ஒழிந்திருத்தல் வேண்டும் என்றும், பொருளை ஏந்திய கையே செய்கையையும் புரியலாம் என்றும் விதித்தது. குரு ஒருவர் ஒரு கையில் தண்டும், மறு கையில் தெய்வச் சின்னம் பொறித்த கேடயமும் ஏந்தி நிற்கிறார் எனக் கொள்வோம். அச்சின்னம் பொருளுக்கு ஈடாகும். ஆகவே மூன்று உறுப்பும் உடைய மந்திரத்தை அவர் தடையின்றி ஓதலாம். மொழியும் செய்கையும் மட்டுமே உடையதை ஓதவோ தண்டைக் கைவிடல் வேண்டும்! உறுப்பு மிகுந்தது எளிதாகவும் குறைந்தது அரிதாகவும் முடிந்தது காண்க. சொற்கிடந்தவாறே பொருள் கொள்வார்க்கு இதுவே முடிபு. ஆசிரியர் கருத்து இதுவாகாது என்று விதியை நெகிழ்ப்பாரும் உளர். உரையாசிரியர்களைப் பயின்றார்க்கு இவ்விரு நெறியும் புதியன அல்ல. யாம் முன்னவர் பக்கமே நிற்போம். நெகிழ்த்த விதி இடர் நேரும்போது எவரையும் காவாது.

பொருளுறுப்பே இப்பகுதியின் சுவைமிக்க இடம். தீக்கோளம் எறிவதற்கு வௌவால் எச்சமும் கந்தகமும் வேண்டும். எச்சத்திலிருந்து வெடியுப்புப் பெறலாம்; கரியும் சேரின் வெடிமருந்தே ஆகிவிடும். மின்னல் பாய்ச்சுதற்கு விலங்கின் மயிரும், அம்பர் அல்லது கண்ணாடிக் கோலும் வேண்டும். இவற்றைத் தேய்த்தால் மின்னூட்டம் பிறத்தலைப் பள்ளி மாணவரும் அறிவர். பிறர் உள்ளத்தை அறிதற்கு ஒரு செப்புக்காசு போதும். எண்ணத்தில் ஆழ்ந்திருப்பாரைப் பார்த்து, ‘உம் எண்ணத்திற்கு ஒரு காசு’ என்னும் ஆங்கில வழக்கை அறியாதார்க்கு அக்காசு வெறுங்காசே. பல மொழி பேசுவிக்கும் மந்திரத்திற்கு அடுக்குக் கோபுரத்தின் களிமண் வடிவம் கூறப்பட்டது. மொழிகள் பிரிந்த பாபேல் கதையை அது குறித்து நின்றது. முன்னவை இரண்டும் இயற்கை நூலறிவிலும், பின்னவை இரண்டும் மரபுத்தொடரிலும் கதையிலும் வேர்கொண்டன. மொழிபெயர்க்கும்போது பின்னவையே பொருளிழக்கும்.

ஒத்தது ஒத்ததைத் தரும் என்னும் மந்திரக் கொள்கையை ஃபிரேசர் 1890இல் ‘பொற்கிளை’ என்னும் நூலில் விளக்கினார். டி கேம்ப், பிராட் என்னும் இருவர் அதனைத் தம் கதைகளில் நகைச்சுவையோடு ஆண்டனர். கைகாக்ஸ் 1979இல் தமக்கு முன்னோடியாகக் கூறியோருள் இவ்விருவரும் உளர். அந்நகையே செப்புக்காசிலும் ஒலிக்கிறது.

பிற்பதிப்புகளில் பண்டங்கள் யாவும் அடங்கிய பையொன்று உண்டெனக் கொள்ளும் வழக்கம் நிலைத்தது. காசும் எச்சமும் நூலில் எழுதப்பட்டே உள்ளன. ஆட்டத்திலோ எவரும் தேடுவதில்லை. விலை குறிக்கப்பட்ட பொருளுக்கும், ஓதியவுடன் அழியும் பொருளுக்கும் மட்டும் அப்பை ஈடாகாது. இறந்து ஒரு நிமிடத்திற்கு மேற்படாதவரை எழுப்புதற்கு 300 பொற்காசு பெறும் வைரம் வேண்டும். அது மந்திரத்தோடு அழியும். 200 பொன்னுக்கே கல் வைத்திருக்கும் குழுவினர், தோழரின் உடலருகே செயலற்று நிற்பர். விதி கல்லின் எடையைக் கூறவில்லை, விலையையே கூறிற்று. அவ்வாறாயின், வைரம் மலிந்த நகரில் எழுப்ப இயலாத உயிரை, அதே கல்லைக் கொண்டு அது அரிதாகிய நகரில் எழுப்பலாமோ? நூல் இதற்கு விடை கூறாமையின், நடுவரே தீர்ப்பளித்தல் வேண்டும்.